பதினைந்தாவது பெயர்

நான்காம் படிவத்துக்குப் போகும் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு தாள் பாரம். அதில் தமிழுக்கு எதிரே 'சரி' போடுவதா, வேண்டாமா?

போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பசியாறிட்டியா, வேலை எப்படி என்ற விசாரிப்பு எதுவும் இல்லை.

"நீதானே ரேடியோல பேசற. நீயே சொல்லு. பாரத்துல தமிழைப் போடலாமா, வேணாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

அக்கா மகள் அப்போது மூன்றாம் படிவம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். நான்காம் படிவத்தில் என்னென்ன பாடங்கள் எடுக்கப் போகிறாள் என்று கேட்டு பள்ளியில் பாரம் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் கணினி அறிவியல் மீது ஆசை. அக்காவுக்கு ஆங்கிலம் பற்றிய கவலை. அத்தானுக்குப் பள்ளி வேன் பற்றிய கவலை. தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு 2.30 மணிக்குத்தான். வேன் 1.45க்கே கிளம்பிவிடும்.

"தமிழ் முக்கியம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அவளுக்கு இங்கிலீஷே தடுமாறுது. இதுல தமிழையும் சேர்த்துப் போட்டு, ரெண்டுலயும் 'சி' வாங்கிட்டு வந்தா யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அக்காவின் கேள்வியை நான் அலட்சியப்படுத்த முடியாது. மேடையில் நின்று 'தாய்மொழியைக் காப்போம்' என்று முழங்குவது சுலபம். சமையலறை மேசையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அது பதில் ஆகாது. அதனால் நானும் அந்தப் பாரத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, வரி வரியாகப் படித்தேன். அதில் கண்டதையும், எனக்கு நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பாரம் மேசை மேல் கிடக்கலாம்.

பாரத்தில் என்ன இருக்கிறது?

எஸ்.பி.எம். மாணவர் எல்லாரும் எடுக்க வேண்டிய அடிப்படைப் பாடங்களில் இரண்டு மொழிப்பாடங்கள் உண்டு. ஒன்று மலாய்மொழி, இன்னொன்று ஆங்கிலம். இவற்றோடு கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி அல்லது இஸ்லாமியக் கல்வி, அறிவியல் ஆகியவை. தூய அறிவியல் பாடங்களை எடுப்பவர்களுக்கு மட்டும் பொது அறிவியல் கிடையாது. அதன் பிறகுதான் விருப்பப் பாடங்களும் கூடுதல் பாடங்களும் வருகின்றன.

மொழி என்று பார்த்தால் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளமானது. தமிழ், தமிழ் இலக்கியம், சீனம், அரபு, பிரெஞ்சு, சபா சரவாக் மாணவர்களுக்காக கடாசான்டூசுன், ஈபான், இவை எல்லாமே எஸ்.பி.எம்.மில் உள்ள பாடங்கள். ஆங்கிலத்திலும் ஒன்றுக்கு இரண்டு உண்டு. எல்லாரும் எழுதும் 1119 ஆங்கில மொழி ஒன்று. ஆங்கில இலக்கியம் இன்னொன்று. கதை, கவிதை, நாடகம் என்றால் உயிரை விடும் பிள்ளைகளுக்கு அது பொருத்தமான பாடம். ஆனால் எடுப்பவர்கள் குறைவு, கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் குறைவு.

தேர்வில் ஒரு பாடம் இருக்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளையின் பள்ளியில் அதற்கு வகுப்பு நடக்கிறது என்று சொல்ல முடியாது. அக்கா அனுப்பிய பாரத்தில் தமிழ் இருந்தது. தமிழ் இலக்கியம் இல்லை. ஆங்கில இலக்கியமும் இல்லை. தமிழுக்குப் பக்கத்தில் பென்சிலில் யாரோ ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து.'

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் எனக்கு 2005ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

பதினான்கு பேர் இருந்தார்கள்

அந்த ஆண்டு நான் நான்காம் படிவத்தில் காலெடுத்து வைத்தேன். அதுவரை தமிழ் எடுத்தவள், பாரத்தில் தமிழை விட்டுவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. ஓர் ஆசிரியர் அன்பாகவே சொன்னார்: "உனக்கு ஒன்பது பாடம் போதும். பத்தாவது பாடத்தில் சறுக்கினால் சான்றிதழில் அது நிரந்தரமாக நிற்கும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டாம் என்ற மகிழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சிதான் முதல் காரணம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தோழியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்பவர். கடையை மூடிவிட்டு ஏப்ரனோடு நேராக வந்திருந்தார். கையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தாள். அதில் பெயர்கள்.

"பதினாலு பேரு இருக்காங்க ஐயா. பதினஞ்சு இருந்தாதான் வகுப்பு உண்டுன்னு சொல்றாங்க. உங்க பொண்ணு பேரு இல்லாததால மத்த பதினாலு பிள்ளைங்களுக்கும் வகுப்பு இல்லாமப் போகுது."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நீதான் எழுதணும், நீயே முடிவு பண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் வெளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் பெயரை நானே எழுதினேன். தமிழ்ப் பற்று பொங்கியதால் எழுதினேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

2006 எஸ்.பி.எம்.மில் தமிழில் எனக்கு 3பி கிடைத்தது. அந்தக் காலத்து 1ஏ கூட இல்லை. அந்த ஆசிரியர் சொன்னதுபோல் அது இன்றும் சான்றிதழில் நிற்கிறது. பல ஆண்டுகள் கழித்து வானொலி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் தமிழில் செய்தியாக எழுதி வாசிக்கச் சொன்னார்கள். என்னோடு வந்த சிலர் அழகாகத் தமிழ் பேசினார்கள், எழுதத்தான் வரவில்லை. எனக்கு எழுத வந்தது. செவ்வாய் மத்தியானங்களில் தூக்கக் கலக்கத்தோடு எழுதிய கட்டுரைகளும், வலிமிகும் இடம் தெரியாமல் வாங்கிய சிவப்புக் கோடுகளும்தான் அதற்குக் காரணம்.

பதினைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

இது பள்ளிகள் தாமாக வைத்த எண் அல்ல. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கும் இடத்தில், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. அதே இடத்தில் அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் போன்ற மொழிகளுக்கு, நடைமுறையில் முடியுமானால் வசதி செய்து தரலாம் என்று மட்டும் சொல்கிறது. தமிழுக்குச் 'செய்ய வேண்டும்', மற்ற மொழிகளுக்குச் 'செய்யலாம்'. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் 'பள்ளியில் 15 மாணவர்கள்' என்றுதான் சொல்கிறது. 'ஒரு படிவத்தில் 15 பேர்' என்றோ 'ஒரு வகுப்பில் 15 பேர்' என்றோ சொல்லவில்லை. அக்கா மகளின் பள்ளியில் நான்காம் படிவத்துக்குத் தமிழ் கேட்டவர்கள் ஒன்பது பேர். 'ஒன்பதுதான், அதனால் வகுப்பு வராது' என்று பிள்ளைகளுக்குள்ளேயே பேச்சு. ஆனால் அதே பள்ளியில் அப்போது நான்காம் படிவத்தில் எட்டுப் பேர் தமிழ் படித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த ஆண்டு அவர்கள் ஐந்தாம் படிவம். கீழ்ப் படிவங்களில் இன்னும் அதிகம். பள்ளி முழுவதையும் சேர்த்து எண்ணினால் பதினைந்தைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

சட்டம் இருந்தாலும் ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும், நேர அட்டவணையில் இடம் வேண்டும். பள்ளி முதல்வருக்கும் அவருடைய சிரமங்கள் உண்டு. சண்டைக்குப் போவதுபோல் போகாமல், கேட்க வேண்டியதை முறையாக, எழுத்தில் கேட்பது நல்லது. கேட்காத பெற்றோருக்காக எந்த முதல்வரும் தானாக வகுப்பு திறக்க மாட்டார்.

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கதை, இன்று இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஆனால் அரசாங்கத் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டோடு பிள்ளை வெளியே வந்த பிறகு, தமிழுக்கு இருக்கும் ஒரே இடம் இந்தக் கூடுதல் பாடம்தான். அதற்கும் அவ்வப்போது நெருக்கடி வந்திருக்கிறது. எஸ்.பி.எம்.மில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009இல் முடிவானபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று சமூகம் கொதித்தது நினைவிருக்கலாம். அந்தக் குரலுக்குப் பிறகுதான் கூடுதலாக 2 பாடங்கள் எடுக்கலாம் என்ற தளர்வு வந்தது.

"இங்கிலீஷ் என்ன ஆகும்?"

அக்காவின் உண்மையான பயம் இதுதான். தமிழைக் கூட்டினால் ஆங்கிலம் குறையும் என்ற கணக்கு. அது தவறான கணக்கு என்று சொல்வதற்கு முன், ஆங்கிலப் பாடம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் காலத்துப் பாடம் போல் அது இல்லை.

2021 எஸ்.பி.எம். முதல் ஆங்கிலம், ஐரோப்பாவில் உருவான சி.இ.எஃப்.ஆர். மொழித்தர அளவுகோலுக்கு ஏற்ப மாறிவிட்டது. நான்கு தாள்கள். வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, கேட்டலுக்கு ஒன்று. எழுத்துத் தாளில் ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் குறிப்புகளை வைத்து ஒரு கட்டுரை, பிறகு 200 முதல் 250 சொற்களில் ஒரு நீண்ட படைப்பு. பேச்சுத் தேர்வில் இரண்டு மாணவர்கள் சோடியாக உட்கார்ந்து ஏறக்குறைய 13 நிமிடம் பேச வேண்டும். முதலில் கேள்விகளுக்குப் பதில், அடுத்து தனியாக ஒரு தலைப்பில் பேச்சு, கடைசியில் இருவரும் சேர்ந்து கலந்துரையாடல்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இலக்கணப் பயிற்சிநூல் நான்கு வாங்கி முடித்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் ஒரு கருத்து சொன்னதும், 'நீ சொல்வது சரி, ஆனால் எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று பதில் சொல்ல வராது. ஆங்கிலத்தில் வராததற்கு ஒரு காரணம், அவர்கள் வீட்டில் தமிழிலும் அப்படிப் பேசிப் பழகவில்லை என்பது. 'சாப்பிட்டியா', 'குளிச்சியா', 'போனை வை' இவற்றைத் தாண்டி பதினாறு வயதுப் பிள்ளையோடு நாம் எந்த மொழியில் கலந்துரையாடுகிறோம்?

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். ஆங்கிலம் கட்டாயப் பாடம். நேர அட்டவணையில் அதற்கென்று இடம் இருக்கிறது. தமிழ் எடுப்பதால் அதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஆங்கில வகுப்பிலிருந்து நேரத்தை எடுப்பதில்லை, மத்தியானத் தூக்கத்திலிருந்தும் டிக்டாக்கிலிருந்தும்தான் எடுக்கிறாள். தமிழ்ப் பாடத்தில் பழகும் வேலை ஆங்கிலத்துக்கும் உதவுகிறது. ஒரு பத்தியைப் படித்து அதன் மையக் கருத்தைப் பிடிப்பது, ஒரு வாதத்தை முன்னுரை, சான்று, முடிவு என்று அடுக்குவது, இவை ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழியில் சொற்களைத்தான் தேட வேண்டும். சிந்தனையையே புதிதாகத் தேட வேண்டியதில்லை.

என் அனுபவமும் அதுதான். முதலாம் படிவத்தில் ஆங்கில வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றவள் நான். ஓர் ஆங்கில ஆசிரியை, வாரம் ஒருநாள் ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு பத்தியை வகுப்பில் சத்தமாக வாசிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். உச்சரிப்பைத் திருத்தினார், ஆனால் நடுவில் நிறுத்தவே மாட்டார். முதலில் தொண்டை அடைத்தது. ஆண்டு முடிவதற்குள், நான் வாசிப்பதை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்ற ருசி பிடித்துவிட்டது. இன்று மைக் முன்னால் உட்காருகிறேன் என்றால் அந்த ஆசிரியைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆங்கிலம் வேண்டவே வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கும் திட்டம் 2016க்கு என்று வைக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மூவெட் எழுதியே ஆக வேண்டும். நேர்முகத் தேர்வுகளின் நிலை உங்களுக்கே தெரியும். அதனால் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெடோங்கிலிருந்து ஒரு நாவல்

கல்லூரியில் ஊடகத்துறை படிக்கும்போது ஒரு நூலைக் கடன் வாங்கிப் படித்தேன். கே.எஸ்.மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவல். 2000களில் எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தின் இலக்கியப் பகுதிக்கும் அது ஒரு நூலாக இருந்தது. உங்களில் சிலர் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

மணியம் கெடா மாநிலம் பெடோங்கில் 1942இல் பிறந்தவர், 2020இல் மறைந்தார். அவருடைய நாவலில் வரும் ரவி, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலப்பள்ளிக்கு மாறும் பையன். ஆங்கிலம் அவனுக்குக் கதவுகளைத் திறக்கிறது. அதே ஆங்கிலம் அவனை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கியும் வைக்கிறது. சலவைத் தொழில் செய்யும் அப்பாவோடு பேச அவனிடம் பேச்சு குறைந்துகொண்டே போகிறது.

அந்த நாவலைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றின. ஆங்கிலம் படித்ததால்தான் பெடோங்கின் கதையை உலகம் படித்தது. அந்தக் கதை முழுக்க தமிழ் வீட்டிலிருந்து, தமிழ்ப் பாட்டியிடமிருந்து, தமிழ்ப் பண்டிகைகளிலிருந்து வந்தது. அந்தக் காலத்து ரவிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. இந்தப் பள்ளி அல்லது அந்தப் பள்ளி. இன்று என் அக்கா மகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பாரத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அந்த வசதியை நாமாகவே விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?

டாக்டர் சொன்னது புரியவில்லை

'தமிழ் படித்து என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்பவர்கள் ஆசிரியர் வேலையையும் என்னைப் போன்றவர்களின் வேலையையும் மட்டுமே நினைக்கிறார்கள். தமிழாசிரியர் பயிற்சிக்கோ, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கோ போக நினைப்பவர்களுக்கு எஸ்.பி.எம். தமிழின் பயன் சொல்லாமலே விளங்கும். நான் சொல்ல வருவது மற்றவர்களைப் பற்றி.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்து குவிந்தன. வீட்டில் தனியாக இருந்த பெரியவர்கள் எங்களை அழைத்து, 'கடைக்குப் போலாமா, எத்தனை பேர் போலாம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி தமிழில் வேண்டியிருந்தது, அதுவும் உடனே.

அதற்குப் பிறகு ஒருமுறை, நீரிழிவு பற்றிய நிகழ்ச்சிக்கு ஓர் இளம் மருத்துவர் வந்தார். நம் பிள்ளை, மிகவும் கெட்டிக்காரர். நேரலையில் "ஷுகர் கன்ட்ரோல்ல இல்லேன்னா காம்ப்ளிகேஷன்ஸ் டெவலப் ஆகும், ஸோ ரெகுலர் மானிட்டரிங் இம்ப்பார்டண்ட்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஓர் அம்மா அழைத்தார். "டாக்டர் நல்லாத்தான் பேசறாரு. எனக்குத்தான் ஒண்ணும் புரியலேம்மா. கால் புண்ணுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க." மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கேள்வியைத் துண்டு துண்டாக்கிக் கேட்டு, பதிலைத் தமிழாக்கிச் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் சொன்னார்: "மூணாம் படிவத்தோட தமிழை விட்டுட்டேன் அக்கா. அப்போ அது சரியாத்தான் பட்டுச்சு." அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தோசைக் கடை அம்மாள் வராமல் இருந்திருந்தால் நானும் விட்டவள்தான்.

பாரத்தில் கையெழுத்திடும் முன்

அக்காவுக்காக எழுதிய பட்டியல் இது. உங்களுக்கும் பயன்படலாம்.

1. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தமிழில் மதிப்பெண் குறைந்ததால் சான்றிதழ் கிடைக்காமல் போகாது. பிள்ளை போக நினைக்கும் படிப்புக்கு எந்தெந்தப் பாடங்களைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'எத்தனை ஏ' என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

2. தமிழ் வகுப்பு நேர அட்டவணைக்குள்ளா, பள்ளி முடிந்த பிறகா? ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறாரா, வேறு பள்ளியிலிருந்து வருகிறாரா? இதைப் பள்ளியில் நேரில் கேளுங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் 'வகுப்பு இல்லையாம்' என்ற செய்தி பாதி நேரம் வதந்திதான்.

3. எண்ணிக்கை போதவில்லை என்றால் மற்ற படிவங்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

4. தமிழ் மொழியும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். மொழியில் கட்டுரை, கருத்துணர்தல், இலக்கணம், செய்யுள், மொழியணி. இலக்கியத்தில் நாவல், நாடகம், கவிதை. பல ஊர்களில் இலக்கிய வகுப்பைத் தொண்டூழிய ஆசிரியர்கள் வார இறுதியில் நடத்துகிறார்கள். படிப்பதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. எல்லாப் பிள்ளைகளையும் அதில் தள்ள வேண்டிய அவசியமில்லை.

5. ஆங்கிலத்துக்கு டியூஷன் சேர்க்கும்போது பேச்சுக்கும் கேட்டலுக்கும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே வாரம் இருமுறை, இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவிடுங்கள். செலவே இல்லை.

6. வேன் பிரச்சினையைச் சிறிய பிரச்சினை என்று நினைக்காதீர்கள். தமிழ் வகுப்பை விடும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல்தான் விடுகிறார்கள். நான்கு குடும்பங்கள் முறை வைத்து ஏற்றி வந்தால் ஒருவருக்கு மாதம் இரண்டு முறைதான் வரும்.

வெள்ளிக்கிழமை

அக்கா கையெழுத்திட்டார். ஆனால் அதற்கு முன் மகளிடமே கேட்டார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். தமிழ் மொழி எடுப்பாள், சனிக்கிழமை இலக்கிய வகுப்புக்குப் போக மாட்டாள். சனிக்கிழமை அவளுக்குக் கணினிக் குழு இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.

அத்தான் வேறு இரண்டு தகப்பன்மார்களோடு பள்ளிக்குப் போனார். கல்விச் சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். அதை வெளியே எடுக்க வேண்டிய தேவையே வரவில்லையாம். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். ஆசிரியர் இருக்கிறார், அறைதான் வேண்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்து, ஒன்பது பதினொன்று ஆகியிருந்தது. அந்த இருவரில் ஒருத்தி, 'நீ எடுத்தா நானும் எடுக்கிறேன்' என்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தவள்.

புதிய தவணை தொடங்கி இரண்டாம் வாரம், ஒளிபரப்புக்கு நடுவில் என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. வழக்கமாக ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புபவள், அன்று தமிழ் எழுத்திலேயே அனுப்பியிருந்தாள்.

'சித்தி, தமிழ் வகுப்பு உன்டு. செவ்வாயும் வியாழனும். லைப்ரரி பக்கத்து ரூம்.'

பாடல் ஓடி முடிவதற்குள் பதில் போட்டேன். 'ரொம்ப மகிழ்ச்சி கண்ணு. உண்டுக்கு மூணு சுழி ண்.'

'அதுக்குத்தானே வகுப்பு' என்று பதில் வந்தது.